மூன்று தடவை பார்ப்பவர்

பள்ளிக்கூட வராந்தாவில் நின்று யாராவது அவரிடம், "மழை விட்டுருச்சா டீச்சர்?" என்று கேட்டால் உடனே பதில் வராது. வாசல் வரை போய் வானத்தைப் பார்ப்பார். திரும்பி வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போவார். மூன்றாவது தடவை கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்துதான், "விட்டுருச்சு" என்பார். அதற்குள் கேட்டவர் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்.

சிவகாசியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் அவர் விஞ்ஞானம் எடுத்தார், நான் தமிழ். நாரணாபுரம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில், ஒரு வீட்டின் மாடியில் ஆளுக்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். வீடு ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குச் சொந்தம். மொட்டைமாடியில் ஏறி நின்றால் சீமைக்கருவேலக் காட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய கம்பெனியின் ஓட்டுக் கூரைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தெரியும். ஒன்று வெடித்தால் அடுத்ததைப் பிடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித் தள்ளித் தள்ளிக் கட்டுவார்கள்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். நான்கு வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தும் அவர் என்னை "டீச்சர், நீங்க" என்றேதான் பேசினார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். அதை ரேடியோவில் மணி சொல்லும்போது தினமும் சரிபார்ப்பார். மதுரையில் பழைய சாமான் கடையில் வாங்கிய பட்டாளத்து பைனாகுலர் ஒன்று வைத்திருந்தார். அவருடைய ஆஸ்தி அதுதான்.

அதை வைத்துக்கொண்டு நட்சத்திரங்களைப் பார்த்தார். எல்லாவற்றையும் இல்லை. சில நட்சத்திரங்கள் மட்டும் வெளிச்சம் கூடும், குறையும். சிலது பத்து நாளில், சிலது பத்து மாதத்தில். அவற்றைத்தான் பார்ப்பார். "பிரகாசமா இருக்கு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்தில் மாறாமல் இருக்கிற இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்வார். இதைவிட இரண்டு படி கம்மி, அதைவிட ஒரு படி கூட. மூன்று தடவை பார்த்து மூன்றும் ஒத்துவந்தால்தான் நோட்டில் எண் ஏறும். மாதம் ஒருமுறை அந்த எண்கள் வெளிநாட்டில் இருந்த ஒரு சங்கத்துக்குத் தபாலில் போகும்.

"இதப் பாத்து என்னக்கா பண்ணுவாக?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நம்புவாக" என்றார்.

அவ்வளவுதான் பதில். முகம் தெரியாத ஒருவர் கடல் தாண்டி அனுப்புகிற எண்ணை அங்கே ஒருவர் அப்படியே எடுத்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. அதனால்தான் பார்க்காததை ஒரு புள்ளிகூட எழுதக்கூடாது என்பது அவர் கட்சி. மேகம் மறைத்த நாளில் "மேகம்" என்றுதான் எழுதுவார். தூங்கிப்போன நாளில் "தூங்கிவிட்டேன்" என்றே எழுதியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து சாட்சி சொன்னார்கள். கர்த்தர் கனவில் வந்தார், காய்ச்சலைத் தொட்டார் என்றெல்லாம். இவர் முறை வந்தது. எழுந்து, "இந்த வருசம் மழை பெஞ்சுது. எங்க வீட்டுக் கெணத்துல எட்டு உறை தண்ணி நிக்குது. நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். போதகர் ஐயர், இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்.

இப்படியே சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கண் நட்சத்திரத்தோடு நிற்கவில்லை. பள்ளித் தோட்டக்காரர் ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் போய் நின்று, "அய்யா, முந்தாநாத்துலேர்ந்து உங்க கண்ணுல மஞ்சள் ஏறிக்கிட்டே வருது. மூணு நாளாப் பாக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அவர் போகவில்லை. மாதம் முடிவதற்குள் தோட்டத்துக்கு வேறு ஆள் வந்தார். அதற்கப்புறம் எங்கள் தெருப் பெண்கள் இவர் எதிரே வந்தால் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் முகத்தை மறைப்பார்கள். கீழ்வீட்டுக்காரம்மாள் என்னிடம், "ஒன் கூட்டாளி யாரையாச்சும் ரெண்டு தடவ திரும்பிப் பாத்தா சுத்திப்போடத் தோணுதுத்தா" என்றாள். சொன்னவளைத் திட்டினேன். ஆனாலும் எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவர் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவர் என் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அறுபதுகளின் பிற்பாதியில், நான் அங்கே வந்த மூன்றாம் வருடம், அந்தச் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கிக் கண்ணாடியை வைத்து வானத்தை வரிவரியாகத் துழாவுகிறார்களாம். வெளிச்சத்தைப் பார்ப்பதற்கு அல்ல, வெப்பத்தைப் பார்ப்பதற்கு. சிவப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒளி இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஈயமும் கந்தகமும் சேர்ந்த ஒரு சின்னத் துண்டைக் குளிரவைத்துக் கண்ணாடியின் முன் வைத்திருக்கிறார்கள் என்றார். பள்ளியில் இதைக் கேட்ட தலைமையாசிரியை, "கந்தகம் நம்மூர்லயே மூட்ட கணக்குல கெடைக்குமே" என்று சிரித்தார்.

அந்தத் துழாவலில் யாரும் அதுவரை பார்த்திராத நட்சத்திரங்கள் அகப்பட்டனவாம். கண்ணுக்கு அறவே தெரியாது. வெப்பத்தில் வானத்திலேயே பெரிய ஆட்கள். ஏற்கெனவே தெரிந்த சிவப்பு நட்சத்திரங்கள் சிலவற்றையும் அந்தக் கருவி பார்க்கிறது. அதே நாட்களில் அவை கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்று குறித்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பட்டியலில் மீரா இருந்தது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை நன்றாகத் தெரிந்து, பிறகு பைனாகுலருக்கும் எட்டாமல் போய்விடுகிற நட்சத்திரம்.

"மங்கிப்போச்சுன்னு நாம நெனைக்கோம்ல டீச்சர், அப்பவும் அது சூட்டுல அம்புட்டாக் கொறையலையாம்" என்றார். "நம்ம கண்ணுக்குத்தான் இருட்டு. அங்கன கொதிச்சுக்கிட்டுத்தான் கெடக்கு."

நான்கு வருடத்தில் அவர் என்னிடம் தானாக வந்து பேசிய சில பேச்சுகளில் அது ஒன்று. அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து மொட்டைமாடிக்குப் போவது தவறவில்லை.

அடுத்த வருடம் புரட்டாசியில் மழை முந்திக்கொண்டது. தீபாவளி சீசன். லோடு ஏற்றவேண்டிய நேரத்தில் சரக்கு காயவில்லை. கம்பெனியில் விடிகாலையிலேயே ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அக்கா மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து, காப்பியை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் நின்றார்.

"கடைசியில இருந்து ரெண்டாவது ரூம் இருக்குல்ல, மருந்து அடுக்கி வைக்கிற ரூம். ராத்திரி தூத்தல் போட்டது. மத்த ஓடெல்லாம் நனைஞ்சு கருப்பா இருக்கு. அது மட்டும் காஞ்சிருக்கு."

"காத்து அடிச்சுக் காஞ்சிருக்கும்."

"எல்லா ஓட்டுக்கும் ஒரே காத்துதான."

செவ்வாய்க்கிழமையும் தூறல். அன்று பொழுது விடியும்போதே அந்தக் கூரை செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது என்றார். இந்தத் தடவை என் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மருந்து என்று அவர்கள் சொல்வது வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் கலந்த கலவை. அதில் ஈரம் பட்டால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே சூடேறும். ஏறுவது நிற்காது. மூக்கைக் குத்தும் வாடையும் வரும், நவச்சாரத்தில் சுண்ணாம்பு போட்டுக் கசக்கினால் வருவது மாதிரி. நேற்றுச் சாயங்காலம் காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது அப்படி ஒரு வாடை வந்ததா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"ரெண்டு தடவை பாத்துட்டேன். மொதலாளிகிட்ட இப்பவே சொல்லிரட்டுமா டீச்சர்?"

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வீட்டை நினைத்தேன். சீசன் நேரத்தில் போய் முதலாளியிடம் உங்கள் கம்பெனி வெடிக்கப் போகிறது என்றால், அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டியதுதான். தனியாக இருக்கிற பெண்களுக்கு அந்த ஊரில் வேறு வீடு சுலபத்தில் கிடைக்காது.

"நீங்கதான எதையும் மூணு தடவை பாக்கணும்பீக" என்றேன். "நாளைக்கும் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். இதை எழுதுகிற இந்த நாளிலும், அந்தத் தலையாட்டல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

புதன்கிழமை அவர் என்னை உலுக்கி எழுப்பினார். மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். பைனாகுலரே வேண்டியிருக்கவில்லை. மழை அப்போதும் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. விழ விழ அந்தக் கூரையிலிருந்து ஆவி எழும்பியது. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் வருவதைப் போல வெள்ளையாக, சத்தமில்லாமல்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்காட்டு வழியாக ஓடினோம். கேட் திறந்திருந்தது. பெண்கள் பதினைந்து இருபது பேர் தூக்குவாளியோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். முதலாளி லாரியோடு விருதுநகர் போயிருப்பதாகச் சொன்னார்கள். சாவி வைத்திருந்தவர் போர்மேன். ஐம்பதை ஒட்டிய மனிதர். அவருடைய மூத்த மகள் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தாள்.

"அண்ணாச்சி, ஆளுகள உள்ள விடாதீக" என்றார் அக்கா மூச்சு வாங்க. "அந்த மருந்து ரூம் உள்ளுக்குள்ள சூடேறிக் கெடக்கு."

"வாங்க டீச்சரம்மா. என்ன, காலங்காத்தால... யாரு சொன்னா?"

"நான் மூணு நாளாப் பாக்கேன். ஓடு நிக்காமக் காயுது."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை. "ஓடு காயுறதுக்கெல்லாம் வேலைய நிறுத்துனா மொதலாளி என்னைய உரிச்சுருவாக. நாளைக்கழிச்சு லோடு போவணும். மளைய வேற பாத்தீகள்ல."

பெண்களில் ஒருத்தி, "வந்துட்டா பாரு, கண்ணு வைக்க" என்று முணுமுணுத்தாள். அவர்களுக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி. நேரம் போனால் போனதுதான். உள்ளே நகர ஆரம்பித்தார்கள். நான் கேட்டுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கையைக் கூப்பினார். "கதவத் தொறக்க வேண்டாம் அண்ணாச்சி. பின்பக்கச் செவத்துல ஒரு தடவை கைய வச்சுப் பாருங்க. அப்புறம் அடுத்த ரூம் செவத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுன்னா நான் போயிருதேன். அதுவரைக்கும் இவுகளை இங்கனயே நிறுத்தி வைங்க."

போர்மேன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "ஏ, வெளியில போய் நில்லுங்க எல்லாரும். டீச்சரம்மா மனசு சமாதானத்துக்குப் போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தார். அந்த அறைக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மண்திட்டு இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

முதலில் சத்தம் கேட்கவில்லை. காலடியில் தரை ஒரு பக்கம் நகர்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் வெள்ளையாக ஒரு வெளிச்சம். கண்ணை மூடியும் அது தெரிந்தது. பிறகுதான் சத்தமும், மேலிருந்து ஓட்டுச் சில்லுகளும். பெண்கள் முள்ளுக்குள் விழுந்து கிடந்தார்கள். கையிலும் முதுகிலும் காயம் பட்டது. எல்லாரும் பிழைத்தார்கள். போர்மேன் மட்டும் வரவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி எங்களைப் பள்ளியிலேயே உட்காரவைத்துக் கேட்டார். அக்கா தான் பார்த்ததைச் சொன்னார். ஓடு காய்ந்ததைப் பற்றிச் சொன்னபோது அவர் எழுதவில்லை. "ஓடு காஞ்சத எப்படிம்மா நான் ரிப்போர்ட்ல எழுத முடியும்?" என்றார். போர்மேன் பின்பக்கம் போய் என்ன செய்தார் என்று கேட்டார்.

"போறதப் பாத்தேன். அதுக்கப்புறம் நடந்தத நான் பாக்கல" என்றார் அக்கா. அதை மட்டும் அதிகாரி எழுதிக்கொண்டார். கூரையைப் பற்றியும் குறித்திருந்த அக்காவின் நட்சத்திர நோட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை; போர்மேனுக்குப் பீடிப் பழக்கம் உண்டு; காதிடுக்கில் எப்போதும் ஒன்று செருகியிருப்பார். மருந்து ரூமுக்குப் பின்னால் ஒதுங்கிப் பற்றவைத்திருக்கிறார் என்று கம்பெனியில் சொன்னார்கள். பத்து நாளில் ஊரே அதைச் சொன்னது. வேலை போன பெண்களுக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தது. எட்டாம் வகுப்பில் அவர் மகள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மற்றப் பிள்ளைகள் எழுந்து போனார்கள். ஒருத்தி அவள் நோட்டில் பீடி படம் வரைந்து வைத்திருந்தாள்.

அன்று அவர் காதில் பீடி இருந்ததா? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். துண்டு நினைவிருக்கிறது. காது நினைவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு நாரணாபுரத்தில் போர்மேன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி திட்டுவாள், கையை நீட்டினாலும் நீட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அந்த அம்மாள் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். பிறகு, அக்காவின் முழங்கை அருகே வந்து உட்கார்ந்து, மெதுவான குரலில் கேட்டாள்.

"டீச்சரம்மா, நீங்கதான் அவுகளக் கடைசியாப் பாத்தது. நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு எங்க பாப்பா சொல்லுவா. பீடி பத்த வச்சாகளா?"

கதவருகே மகள் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. செவத்துல உள்ளங்கைய வச்சாக. சுட்டிருக்கும்போல, வெடுக்குன்னு எடுத்தாக. எங்க பக்கம் திரும்பி, போங்க போங்கன்னு கையக் காட்டுனாக. அதனாலதான் அம்புட்டுப் பேரும் பொழைச்சோம். கையில பீடி இல்ல. நான் பாத்தேன்."

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகள் அழவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆள் உயர மண்திட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான். அக்காவுக்கு அரை அடி தள்ளி நின்றேன். அங்கிருந்து அந்தச் சுவரின் ஒரு செங்கல்கூடத் தெரியாது.

திங்கட்கிழமை நாங்கள் அதிகாரியைப் பார்க்கப் போனோம். அக்கா அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார். முன்பு ஏன் வேறு மாதிரி சொன்னீர்கள் என்று கேட்டார் அவர். "அன்னைக்கு மனசு நெலையா இல்ல. இப்பத் தெளிவா இருக்கு" என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பாத்தீகளாம்மா?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்" என்றேன்.

அறிக்கையில் பீடி என்ற பேச்சு வரவில்லை. ஈரம் பட்ட கலவை சூடேறியதே காரணம் என்று எழுதப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். பெஞ்சில் மறுபடி பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். முதலாளி வீட்டைக் காலிபண்ணச் சொல்லி ஆள் அனுப்பினார். பள்ளி நிர்வாகம் அக்காவைக் கிழக்கே கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றியது. போர்மேனைச் சுவரைத் தொடச் சொல்லி அனுப்பியது தான்தான் என்பதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் தாமதிக்கச் சொன்னது நான்தான் என்பதையும் பேசியதில்லை.

அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன், நோட்டு திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவர் வெகுநேரம் எழுதினார். மறுநாள் பள்ளிக்குப் புறப்படும்போது என்னிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துத் தபாலாபீசில் சேர்க்கச் சொன்னார். வெளிநாட்டு முகவரி. ஒட்டவில்லை.

"படிச்சுப் பாருங்க. இங்கிலீஸ்ல தப்பு இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

நான்கு வரிதான். தான் இதுவரை அனுப்பிய குறிப்புகள் சரியானவை என்றும், சென்ற மாதம் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்ல நேர்ந்துவிட்டதென்றும், அது நட்சத்திரத்தைப் பற்றியது அல்ல என்றாலும் இனிமேல் தன் பெயரில் வரும் எதையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்றும் எழுதியிருந்தார். மீராவை வேறு யாராவது பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யும்படி கேட்டிருந்தார்.

"அக்கா, இது எதுக்கு? அங்க யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் பசை டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

மத்தியான இடைவேளையில் போய் எடைபோட்டு, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டேன். விடுவதற்கு முன் அரை நிமிடம் பெட்டியின் வாயிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன், அதுவும் உண்மை. திரும்பி வந்தபோது அவர் விஞ்ஞான அறையில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். வெளியே வந்தார்.

"போட்டுட்டீகளா?"

"போட்டுட்டேன்கா."

"உள்ள விழுந்துச்சா? பாத்தீகளா?"

"பாத்தேன்" என்றேன். அவர் என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வகுப்புக்குள் போனார்.